லாரிக்கு எது ஒரிஜினல்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வண்டிப் பைத்தியமெல்லாம் கிடையாது. ஆபீஸுக்குப் போக நாற்பது நிமிஷம் ஃப்ரீவேயில் உட்கார்ந்திருப்பதே போதும் போதும் என்றிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ரேலி, சர்வீஸ் இதற்கெல்லாம் எடுக்கலாம். நல்ல விதிதான். பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த எத்தனையோ வண்டிகள் இதனால் பிழைத்திருக்கும்.

ஆனால் அதில் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். இருசக்கர வண்டியும் சொந்த உபயோகத்துக்கான நாலு சக்கர வண்டியும் மட்டும்தான் உள்ளே வரலாம். அம்பாசடர் உள்ளே. ஃபியட் உள்ளே. புல்லட் உள்ளே. லாரி வெளியே.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டி 'ஒரிஜினல்' வடிவத்தில் இருக்கவேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. காருக்கு இது சரி. ஃபேக்டரியில் இருந்து எப்படி வந்ததோ அதுதான் ஒரிஜினல். லாரிக்கு? இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு லாரி இருக்கிறது. 1974 மாடல் டாடா 1210, மூக்கு வைத்த வண்டி, கே.எல்.டி. நம்பர். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அந்த மூன்று எழுத்தைச் சொன்னாலே போதும், இப்போதைய கே.எல். 01க்கு முந்தின காலம். வடசேரிச் சந்தையில் இருந்து வாழைக்குலையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகச் சாலைக் கம்போளத்துக்கு வருஷக்கணக்கில் ஓடின வண்டி. 'சாலை' என்றால் ரோடு இல்லை. ராஜா கேசவதாசன் திவானாக இருந்த காலத்தில் உருவான சந்தை அது. அங்கே அன்றும் இன்றும் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் பத்தடி நடக்கமுடியாது. நான் வளர்ந்தது அந்தச் சந்தையின் சத்தத்தில்தான்.

வண்டி ஓடி நின்று பல காலம் ஆயிற்று. சித்தப்பா விற்கவில்லை. ஜி ஃபார்ம் கொடுத்து (கேரளாவில் ஓடாத வண்டிக்கு வரி கட்டாமல் இருக்க அதுதான் வழி) வீட்டுப் பின்பக்கம் ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்தார். போன வருஷம் திடீரென்று உள்ளே மரவேலை செய்யவேண்டும் என்று கிளம்பிவிட்டார். டேஷ்போர்டு, கதவின் உள்பலகை, கூரைப் பலகை, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகை எல்லாம். சித்தி எனக்கு போன் போட்டு, "இந்தக் காசுக்கு ரெண்டு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்டே, உங்க சித்தப்பாகிட்ட நீயாவது சொல்லேன்" என்றாள். மூன்று வாரம் லீவில் போயிருந்த நான் சொல்வதற்குப் பதில் உளி எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன் :-)

அது இருக்கட்டும். முதலில் லாரி எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன், என் வாதமே அதில்தான் இருக்கிறது.

டெல்கோ 1954ல் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1969 வரை அந்த ஒப்பந்தம். பேர் வைக்கும் முறையும் ஜெர்மன்காரனுடையது: 1210 என்றால் ஏறத்தாழ 12 டன் மொத்த எடை, 100 குதிரைச் சக்தி. ஆனால் ஃபேக்டரியில் இருந்து வெளியே வந்தது முழு லாரி இல்லை. சேசிஸ், எஞ்சின், சக்கரம், பானெட், முகப்பு. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வானம். மொட்டை சேசிஸை ஓட்டிக்கொண்டு போகும் டிரைவர்களை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்து, மழையும் வெயிலும் முகத்தில் அடிக்க ஊர் ஊராகக் கடந்து வருவார்கள்.

அந்த சேசிஸ் நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ கரூருக்கோ கோதமங்கலத்துக்கோ போகும். அங்கே ஆசாரிகளும் கொல்லர்களும் பெயிண்டர்களும் சேர்ந்து அதை லாரியாக்குவார்கள், பஸ்ஸாக்குவார்கள். (எங்கள் பக்கத்தில் தச்சரை ஆசாரி என்றுதான் சொல்வோம்.) கேபினின் சட்டம் மரம். கதவு மரம். கூரை மரம், மேலே தகரம். பின்னால் சரக்குப் பெட்டி முழுக்க மரம். டிரைவர் கண்ணுக்கு முன்னால் பார்ப்பதில் கம்பெனி செய்தது மீட்டர்களும் ஸ்டீயரிங்கும் மட்டும், மிச்சம் எல்லாம் யாரோ ஒரு ஆசாரி கைப்பட இழைத்தது.

ஆகவே லாரிக்கு எது ஒரிஜினல் என்று கேட்டால் என் பதில், ஆசாரி கட்டியதுதான். அது பின்னால் ஒட்டிய அலங்காரம் கிடையாது. அதுதான் வண்டி. ஃபேக்டரி வடிவம் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரிஜினல் லாரி என்பது கூரையும் கதவும் இல்லாத வண்டி!

திருவனந்தபுரத்துக்கு இந்த விஷயத்தில் தனிக்கதையே உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானம் தானே பஸ் விடுவது என்று முடிவு செய்தபோது லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை 1937ல் வரவழைத்தார்கள். இங்கிலாந்தில் இருந்து 60 சேசிஸ்கள் வந்தன, பெர்கின்ஸ் டீசல் எஞ்சினோடு. பாடி வரவில்லை. பாடி கட்டியது இங்கேயே, சால்ட்டரின் மேற்பார்வையில், டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மெண்டின் சொந்தத் தொழிலாளர்கள். ஒர்க்ஷாப் அப்போது சாக்கையில் இருந்தது, பிறகு பாப்பனங்கோட்டுக்கு மாறியது. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்து, சால்ட்டர் ஓட்ட, தானே முதல் பயணியாக கவடியார் வரை போனார். பின்னால் 33 பஸ்கள் ஊர்வலமாக வந்தன. அதுதான் பிறகு 1965ல் கே.எஸ்.ஆர்.டி.சி. ஆயிற்று. இந்த வரலாற்றைச் சொல்லும்போது எல்லோரும் மகாராஜாவையும் சால்ட்டரையும் சொல்கிறார்கள். பாடி கட்டியவர்கள் பேர் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

சித்தப்பாவுக்கு வேலை செய்த ஆசாரியின் அப்பா அந்தப் பாப்பனங்கோடு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆசாரிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மகன் கத்தாரில் ஏசி மெக்கானிக். தொழில் தெரிந்த அடுத்த ஆள் வீட்டில் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். இவரிடம் போவதற்கு முன் சித்தப்பா டவுனில் ஒரு இன்டீரியர் கடையில் வேலையை ஒப்படைத்திருந்தார். அவர்கள் போனில் போட்டோ எடுத்து, அளவு எடுத்து, வால்நட் கலர் மைக்கா ஒட்டிய எம்.டி.எஃப். பலகையைத் தகரத்தின்மேல் பசை போட்டு ஒட்டிக்கொடுத்தார்கள். முதல் நாள் பார்க்க பிரமாதம். எடவப்பாதி தொடங்கி மூன்றாவது வாரம் பலகையின் அடி ஓரம் டீயில் முக்கின ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. மீட்டருக்குக் கீழே இருந்த துண்டு தானாகக் கழன்று கியர் கம்பிமேல் விழுந்தது. கடைக்காரரைக் கேட்டால், "லாரிக்குள் யார் சார் வால்நட் போடுவார்கள்" என்றாராம். போட்டதே அவர்தான்!

ஆசாரி வந்து ஊதின பலகையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் வேலையே தொடவில்லை. மரம் தேடினார். கரமனையில் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்குக் கதவுப் பலகைகளும் அஞ்சிலி மச்சுப் பலகைகளும் கிடைத்தன. அஞ்சிலி எங்கள் நாட்டு மரம், சுண்டன் வள்ளம் கட்டுகிற மரம். தண்ணீருக்குப் பயப்படாது. அறுபது எழுபது வருஷம் வீட்டுக்குள் இருந்து காய்ந்த பலகை இனிமேல் முறுக்கிக்கொள்ளாது என்பது அவர் கணக்கு. அறுத்த பலகைகளை லாரி ஷெட்டிலேயே குச்சி வைத்து அடுக்கி ஒரு மாதம் விட்டுவிட்டார். சித்தப்பா அவசரப்பட்டதற்கு, "எங்க இருக்கப்போகுதோ அந்த எடத்துக் காத்த அது குடிக்கட்டும் மொதலாளி" என்றார். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. திருவனந்தபுரத்தில் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி துலாமழையும் உண்டு. நடுவில் மார்ச் வெயில். வருஷத்துக்கு இரண்டு முறை பலகை விரிந்து சுருங்கும். அதை யாரும் தடுக்கமுடியாது, இடம் கொடுக்கத்தான் முடியும்.

அவர் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடந்தது. எந்தப் பலகையையும் அவர் பசை போட்டு ஒட்டவில்லை. முதலில் பழைய காலண்டர் அட்டையை வெட்டி டேஷ்போர்டின் வளைவுக்கு ஒரு அச்சு எடுத்தார். தகரத்தின் மேடுபள்ளத்துக்குத் தக்கபடி அட்டையை நறுக்கி நறுக்கி, நாலாவது அட்டையில்தான் திருப்தி. பிறகு பலகையில் வரைந்து அறுத்து, நாலு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். நடுவில் ஒரு துளை மட்டும் வட்டம். மற்றத் துளைகள் எல்லாம் நீள்வட்டம், அகலவாக்கில் இழுத்த மாதிரி. ஸ்க்ரூ பிடித்திருக்கும், ஆனால் பலகை விரியும்போது துளைக்குள் நகர்ந்துகொள்ளும். லாரியின் சேசிஸ் என்பது ஏணி மாதிரி. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் முழு வண்டியும் முறுக்கிக்கொள்ளும், கேபினும் கூடவே முறுக்கும். இறுக்கிப் பூட்டின பலகை அப்போது பிளந்துவிடும்.

ஸ்க்ரூ எல்லாம் பித்தளை. இரும்பு இரண்டு மழையில் துரு பிடித்துப் பலகையில் கறுப்புக் கறை விடும். ஆனால் பித்தளை மெத்தென்ற உலோகம், காய்ந்த தேக்கில் நேராக முறுக்கினால் தலை ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். அதற்கு அவர் செய்தது, அதே அளவுள்ள ஒரு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முழுக்க ஓட்டி, திரும்பக் கழற்றிவிட்டு, அந்தப் புரியில் பார் சோப்பைத் தேய்த்துப் பித்தளை ஸ்க்ரூவை இறக்குவது. நான் பவர் டிரில்லை எடுத்ததும், "வேண்டாம் மக்கா, கை கொண்டு முறுக்கு. எப்ப நிறுத்தணும்னு கைக்குத் தெரியும், அதுக்குத் தெரியாதுல்லா" என்றார். எழுபத்திரண்டு ஸ்க்ரூ. இரண்டு நாள் என்னால் காபி டம்ளரைப் பிடிக்கமுடியவில்லை.

பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஃபெல்ட் பட்டை. இல்லாவிட்டால் கிரீச் கிரீச் என்று ஊர் முழுக்கக் கூட்டும். எஞ்சின் பக்கத்துத் தடுப்பில் இருந்து இரண்டு விரற்கடை தள்ளி, நடுவில் ஒரு அலுமினியத் தகடு. அதற்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த வயரை முழுக்க மாற்றவைத்தார். ஐம்பது வருஷத்து வயர், தொட்டால் உறை உதிர்ந்தது. அதற்கு முன்னால் காய்ந்த தேக்கை வைப்பதும் அடுப்புக்கு முன்னால் விறகு அடுக்குவதும் ஒன்று. மீட்டர் பலகை நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்படி தனித்துண்டு. வண்டிக்குள் மரவேலை செய்கிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்: பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மூடாதீர்கள், மூடினாலும் திறக்கிற மாதிரி மூடுங்கள்.

கூரைக்கு அஞ்சிலிப் பலகைகள், ஒன்றின் நாக்கு இன்னொன்றின் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி, வளைவுச் சட்டத்தின்மேல். பாலீஷ் விஷயத்தில் சித்தப்பாவுக்குப் பளபளவென்று வார்னிஷ் வேண்டும் என்று ஆசை. ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் அடியில் புகுந்து வெள்ளை பூத்துவிடும், பிறகு முழுக்கச் சுரண்டவேண்டும். எண்ணெய் என்றால் வருஷம் ஒரு முறை கிளீனர் பையனே துணியால் தேய்த்துவிடலாம். காய்ச்சின ஆளிவிதை எண்ணெய், மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் உப்புத்தாள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

ஒரு சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, தேக்கு எதற்கு, வீட்டி போட்டிருக்கலாமே என்றார். வீட்டி என்றால் நம் ஈட்டி மரம், ரோஸ்வுட். வேண்டாம் சாமி. 2021ல் வயநாட்டு முட்டிலில் பட்டா நிலத்து ஈட்டி மரங்களை வெட்டித் தள்ளிய வழக்கு கேரளாவையே கலக்கியது. 2017 ஜனவரியில் இருந்து அந்த மரக்குடும்பமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு டேஷ்போர்டு அழகுக்காகப் புதிதாக ஒரு ஈட்டி மரம் விழவேண்டியதில்லை. பழைய வீட்டு மரம் கிடைக்கிற ஊரில் அது வெறும் ஜம்பம்.

இனி நான் இருக்கிற ஊர்க் கதை. இங்கே டெக்ஸாஸில் என் எதிர்வீட்டுக்காரர் ஒரு ரிட்டயர்டு மெக்கானிக். 1950 ஷெவர்லே பிக்கப் வைத்திருக்கிறார். பின்பெட்டியின் தளம் மரப்பலகை, நடுநடுவே இரும்புப் பட்டை. அது கம்பெனி கொடுத்ததே. ஆனால் உள்ளே கேபின் முழுக்கப் பெயிண்ட் அடித்த தகரம்தான். அவர் தன் ஆசைக்கு டேஷ்போர்டிலும் கதவிலும் வால்நட் பலகை பொருத்தியிருக்கிறார். அந்தக் காலத்து ஷெவர்லேயில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. இருந்தும் அவர் வண்டிக்கு 'ஆன்டிக்' பிளேட் இருக்கிறது. டெக்ஸாஸ் சட்டப்படி 25 வருஷம் ஆனால் போதும். காரும் ஆகலாம், டிரக்கும் ஆகலாம், பஸ்ஸும் ஆகலாம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் ஓட்டவேண்டும் என்பது நிபந்தனை. ஆக, பிறகு சேர்த்த மரம் உள்ள வண்டி இங்கே பாரம்பரியம். மரத்திலேயே பிறந்த வண்டி அங்கே பழைய இரும்பு. சித்தப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

இங்கிலாந்தில் பழைய லாரிகளுக்கென்றே 1958ல் சங்கம் ஆரம்பித்து, லண்டனில் இருந்து பிரைட்டனுக்கு லாரி ஊர்வலம் விடுகிறார்கள். மார்கன் கம்பெனி இன்றைக்கும் காரின் பாடிக்குள் ஆஷ் மரச்சட்டம் வைத்துத்தான் கட்டுகிறது. காரணம் கேட்டால் பெருமையாகச் சொல்கிறான். பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்து லாரிகளின் செதுக்கு மரக்கதவுகள் உலகப் பிரசித்தம். 2002ல் வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நடத்திய பட்டுப்பாதைத் திருவிழாவில் ஒரு பாகிஸ்தான் லாரியைக் கொண்டுவந்து நடு மைதானத்தில் நிறுத்தினார்கள். நம் ஆட்களிடம் அதற்குக் குறைந்த கைவேலை இல்லை. நமக்குக் குறைந்தது, லாரியையும் ஒரு பொருட்டாக நினைக்கிற மனசு.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. மரக் கேபின் டிரைவருக்கு ஆபத்து. மோதினால் நசுங்கும், சிராய் கத்தி மாதிரி பாயும். சூடு, புகை, இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உழைக்கிற லாரிக்கு மரக் கேபின் வேண்டவே வேண்டாம். 2025ல் இருந்து புதிதாகச் செய்யும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று வந்திருப்பது, என்னைக் கேட்டால், முப்பது வருஷம் தாமதமாக வந்த நல்ல காரியம். வெயிலில் வெந்துகொண்டே ஓட்டின ஆட்களின் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். சித்தப்பாவே அப்படித்தான் சொல்வார்: "நான் வெந்தது போதும்." பழைய லாரி புகை விடுகிறது, அதைச் சந்தை வேலைக்கு ஓட்டக்கூடாது என்றால் அதற்கும் சரி. பழைய வர்த்தக வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றியதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஓடிச் சம்பாதிக்கிற வண்டியாக இருந்தால்.

நான் கேட்பது ஓடாத லாரிக்கு. வேலை ஓய்ந்து, வருஷத்தில் நாலு நாள் வெளியே வந்து மனிதர்கள் பார்த்துவிட்டுப் போகிற லாரிக்கு. அதற்கு இன்றைக்குச் சட்டத்தில் இருப்பது இரண்டே வழி: கனரக வர்த்தக வண்டிக்குரிய கட்டணமும் பரிசோதனையும் வருஷா வருஷம் கட்டித் தாங்குவது, இல்லையென்றால் ஷெட்டுக்குள்ளேயே கிடப்பது. கட்டுப்படியாகாதவர்கள் எடைக்குப் போடுகிறார்கள். இரும்புக்கு எடை உண்டு. மரத்துக்கு அதுவும் இல்லை, அங்கேயே உடைத்து அடுப்புக்குப் போகும்.

சிலர் கோர்ட் தீர்ப்பை எடுத்து வீசுவார்கள். கேரளாவில் இருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னது உண்மை. அதற்குப் பிறகு கேரளத்து மோட்டார் வாகனத் துறை வண்டி மாற்றுகிறவர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்ததும் உண்மை. பாதிப் பேருக்கு வேண்டியதுதான். கண்ணைக் குத்துகிற லைட்டும் காதைக் கிழிக்கிற ஹாரனும் எந்தப் பாரம்பரியமும் இல்லை. ஆனால் 1974ல் எங்கள் ஊர் ஆசாரி போட்ட பலகை உளுத்த இடத்தில் அதே மாதிரிப் பலகையை 2024ல் இன்னொரு ஆசாரி போடுவது மாற்றம் ஆகுமா, பராமரிப்பு ஆகுமா? பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தரம் உளுத்தால் புது உத்தரம் போடுகிறோம். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அந்த மர அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. அதை அரண்மனையை மாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லையே. எங்கள் லாரி தினமும் அதைத் தாண்டித்தான் சாலைக்குப் போனது.

இதற்குப் புதுச் சட்டமே தேவையில்லை, இருக்கிற விதியில் வேலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும். 50 வருஷம் தாண்டி, வர்த்தக பெர்மிட்டை ஒப்படைத்துவிட்ட லாரியும் பஸ்ஸும் விண்டேஜ் ஆகலாம் என்று சேர்க்கட்டும். சரக்கு ஏற்றினால் பறிமுதல் என்று கூடவே எழுதட்டும். ஒரிஜினல் வடிவம் என்கிற இடத்தில் 'அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் பாடி கட்டிய முறை' என்று ஒரு வரி. பதிவு செய்யும்போது பாடி கட்டிய ஊர், பட்டறை, தெரிந்தால் ஆசாரியின் பேர் எழுத ஒரு கட்டம். இந்தக் கடைசி ஒன்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நாமக்கல்லிலும் கோதமங்கலத்திலும் பாப்பனங்கோட்டிலும் ஆயிரக்கணக்கான வண்டிகளைக் கட்டியவர்களின் பேர் வேறு எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

சித்தப்பாவின் கேபினில் எங்கள் ஆசாரி பேர் எழுதமாட்டேன் என்றுவிட்டார். வற்புறுத்தியதும் மீட்டர் பலகையின் பின்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், பென்சிலால் தேதியும் தன் இனிஷியலும் போட்டார். பழைய பலகையைக் கழற்றியபோது அதன் பின்னாலும் ஒரு பென்சில் கோடும் ஒரு கணக்கும் இருந்தது. ஏதோ அளவைப் பெருக்கிப் பார்த்திருக்கிறார் 1974ஆம் வருஷத்து ஆசாரி. அந்தத் துண்டை சித்தப்பா எறியவில்லை.

டேஷ்போர்டின் நடுவில் பழையபடி மூன்று படங்கள் ஏறிவிட்டன: பத்மநாபசாமி, வெட்டுகாடு மாதா பள்ளி, பீமாபள்ளி. அதற்குக் கீழே இருக்கும் சின்ன இழுப்பறையில் சீட்டுக்கட்டு வைப்பதா டூல்ஸ் வைப்பதா என்று சித்தப்பாவும் சித்தியும் இன்னும் சண்டை போடுகிறார்கள். இடதுபக்கக் கதவின் உள்பலகை பாக்கி. ஓணம் கழிந்து வருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். பித்தளை கப் வாஷர் அங்கே நல்லதாகக் கிடைக்கவில்லையாம், எட்டாம் நம்பர், ஐம்பது வேண்டும், வரும்போது மறக்காமல் வாங்கிவா என்று நேற்று போன். எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் கேட்டேன். ஒரு டப்பா நிறைய எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம், லாரி போட்டோ மட்டும் அனுப்பு என்றார்.